டார்ச்சுக்கு எந்த பேட்டரி: சார்ஜ் ஏற்றுவதா, தீர்ந்ததும் தூக்கிப் போடுவதா?

மின்சாரம் போன ஒரு இரவில் டிராயரைத் துழாவி டார்ச்சை எடுத்தேன். சுவிட்சைத் தட்டினேன், எரியவில்லை. விரலில் ஏதோ நறநறவென்று ஒட்டியது. மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால் பின்மூடியின் மரை இடுக்கெல்லாம் வெள்ளைப் பொடி. மூடியைத் திருகவே குறடு தேவைப்பட்டது. உள்ளே இருந்த, தீர்ந்ததும் எறியும் ரகமான மூன்று அல்கலைன் செல்களில் ஒன்று பிளாஸ்டிக் கூட்டோடு ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. சுருள்கம்பி பச்சை பூத்திருந்தது, தொட்டதும் முறிந்தது. அந்த டார்ச்சை மொத்தமாகப் பத்து முறை எரித்திருப்பேனா என்பதே சந்தேகம். சும்மா கிடந்தே செத்துப்போயிருந்தது.

அன்றிலிருந்து நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "எந்த பேட்டரி நல்லது?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "இந்த டார்ச் ஒரு தடவை எரிந்தபின் அடுத்த தடவை வரைக்கும் எத்தனை நாள் சும்மா கிடக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள், குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கீழே சொல்லப்போவதெல்லாம் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

படி 1: டார்ச்சின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கையில் டார்ச் இருந்தால் பின்மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது அநேகமாக இவற்றில் ஒன்றாக இருக்கும்.

பென்டார்ச் செல் என்று சொல்லும் ஏஏ, அல்லது அதைவிட ஒல்லியான ஏஏஏ. மூன்று ஏஏஏ செல்களை ஒரு பிளாஸ்டிக் கூட்டில் முக்கோணமாக அடுக்கிய டார்ச்சுகள்தான் சின்ன டார்ச்சுகளில் அதிகம். பழைய பெரிய டார்ச் என்றால் கட்டைப் பேட்டரி, அதாவது டி அளவு. இந்த மூன்று வகையிலும் உங்களுக்குத் தெரிவு உண்டு: ஒருமுறை பேட்டரியும் போடலாம், சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் போடலாம்.

ஏஏ செல்லைவிடச் சற்றுத் தடித்து உயர்ந்த ஒற்றை செல் இருந்தால் அது 18650 ஆக இருக்கலாம். பெயரிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். அதன் அண்ணன் 21700: விட்டம் 21, நீளம் 70. இவை லித்தியம் அயான் செல்கள். இங்கே தெரிவுக்கே இடமில்லை, சார்ஜ் ஏற்றித்தான் ஆகவேண்டும். குட்டையான 3 வோல்ட் சிஆர்123ஏ செல் இருந்தால் அது தீர்ந்ததும் எறியும் லித்தியம். அதே உருவத்தில் சார்ஜ் ஏற்றும் 16340 செல்லும் உண்டு, ஆனால் அது முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் தரும். கையேடு அனுமதித்தால் மட்டுமே மாற்றிப் போடலாம்.

மூடியே திறக்காத, பக்கவாட்டில் சார்ஜ் துளை மட்டும் உள்ள டார்ச் என்றால், பேட்டரி சாகும் நாளே டார்ச்சும் சாகும் நாள். புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் முதல் புத்திமதி: உள்ளே என்ன பேட்டரி என்பதைவிட, அதைக் கழற்ற முடியுமா என்று பாருங்கள். கழற்ற முடிந்து, உள்ளிருப்பது எங்கும் கிடைக்கும் அளவாகவும் இருந்தால் டார்ச் பல வருடம் ஓடும். சில நிறுவனங்கள் 18650 அளவிலேயே, ஆனால் நேர்முனையும் எதிர்முனையும் ஒரே பக்கம் வருமாறு தங்களுக்கென்று தனி செல் செய்கின்றன. அது தீர்ந்தால் அவர்களிடமே போய் நிற்க வேண்டியதுதான்.

சுவரில் நேராகச் செருகும் பெரிய பிளாஸ்டிக் டார்ச்சுகள் பலவற்றில் உள்ளே இருப்பது 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. இதன் குணம் வேறு: காலியாகக் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து, பிறகு எத்தனை மணி நேரம் செருகினாலும் சார்ஜ் ஏறாது. எரித்த அன்றே சார்ஜ் போட்டுவிட வேண்டும். நாம் யாரும் அப்படிச் செய்வதில்லை, அதனால்தான் அவை ஒரு வருடத்தில் பரண் ஏறுகின்றன.

படி 2: சும்மா கிடக்கும் நாட்களை எண்ணுங்கள்

வீட்டில் இரண்டு மூன்று டார்ச் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எண்ணுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரி என்று முடிவெடுப்பதில்தான் தப்பு தொடங்குகிறது.

எந்த பேட்டரியும் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் சார்ஜைத் தானே இழக்கும். அல்கலைன் வருடத்துக்கு 2 முதல் 3 சதவீதம்தான் இழக்கிறது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, அதாவது ஏஏ உருவத்தில் வரும் சாதாரண சார்ஜ் செல், பழைய ரகமாக இருந்தால் முதல் மாதத்திலேயே 20 சதவீதத்துக்கு மேல் இழந்துவிடும். ஒரு காலத்தில் சார்ஜ் செல் என்றாலே "அவசரத்துக்கு ஆகாது" என்ற பேர் வந்தது இதனால்தான்.

அந்தப் பேரை மாற்றியது 2005-ல் சான்யோ கொண்டுவந்த எனலூப். தன்னிழப்பைக் குறைத்த முதல் பிரபல நிக்கல் செல் அது. இன்று பானசோனிக் அதை விற்கிறது, வேறு பல நிறுவனங்களும் அதே ரகத்தைச் செய்கின்றன. உறையில் "பயன்படுத்தத் தயார்", "முன்பே சார்ஜ் செய்யப்பட்டது" என்று போட்டிருந்தால் அந்த ரகம். ஒரு வருடம் அலமாரியில் கிடந்தாலும் முக்கால் பங்குக்குக் குறையாமல் சார்ஜ் வைத்திருக்கும். லித்தியம் அயான் செல் மாதத்துக்கு ஓரிரு சதவீதம் இழக்கும்.

இதோடு இன்னொரு கள்ளத்தனமான இழப்பு உண்டு. மெல்ல அழுத்தினால் எரியும் எலக்ட்ரானிக் பொத்தான் உள்ள டார்ச்சில், அணைத்திருக்கும்போதும் உள்ளிருக்கும் மின்சுற்று விழித்தே இருக்கும், விரல் எப்போது அழுத்தும் என்று காத்துக்கொண்டு. நல்ல வடிவமைப்பில் இது பல வருடக் கணக்கில்தான் பேட்டரியைத் தின்னும், மோசமான வடிவமைப்பில் சில மாதங்களிலேயே தின்றுவிடும். பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். பெரும்பாலான உலோக டார்ச்சுகளில் அதுவே இணைப்பைத் துண்டித்துவிடும். பைக்குள் தானாக எரிந்து தீராமலும் இருக்கும்.

படி 3: 1.5 வோல்ட்டா 1.2 வோல்ட்டா என்ற பயத்தைக் கழித்துவிடுங்கள்

"சார்ஜ் செல் 1.2 வோல்ட்தான், டார்ச் மங்கலாக எரியும்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பாதி உண்மை.

அல்கலைன் செல்லின் 1.5 வோல்ட் என்பது தொடக்கப் புள்ளி மட்டும். எரிய எரிய அது சரிந்துகொண்டே வந்து 0.9-ல் முடியும். ஆயுளின் பாதிக்கு மேல் அது 1.2-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் நிற்கிறது. நிக்கல் செல்லோ சார்ஜ் ஏற்றியதும் 1.4 அளவில் தொடங்கி, 1.2-க்கு வந்து, கிட்டத்தட்ட தீரும்வரை அங்கேயே நின்று, கடைசியில் தடாலென்று விழும்.

மூன்று ஏஏஏ செல் போடும் ஒரே மாதிரியான இரு டார்ச்சுகளை எடுத்து, ஒன்றில் புது அல்கலைனும் மற்றதில் சார்ஜ் ஏற்றிய நிக்கல் செல்லும் போட்டு, இருட்டறையில் வெள்ளைச் சுவரைப் பார்த்து வைத்துப் பாருங்கள். முதலில் அல்கலைன் வட்டம் கண்ணுக்குத் தெரியும்படி பிரகாசமாக இருக்கும், "பார்த்தாயா" என்று சொல்லத் தோன்றும். ஒரு சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பார்த்தால் இரண்டும் சமம். இன்னும் கொஞ்ச நேரம் போனால் அல்கலைன் வட்டம் பின்தங்கியிருக்கும், நிக்கல் வட்டம் அப்படியே இருக்கும். நான் இதைச் செய்து பார்த்த பிறகுதான் அந்த 1.5 பயம் எனக்கே விட்டது.

காரணம் உள்மின்தடை, அதாவது செல்லே தன்னுள் மின்சாரத்துக்குப் போடும் தடை. அல்கலைன் செல் மெதுவாகக் கேட்டால் நிறையக் கொடுக்கும், அவசரமாகக் கேட்டால் முகம் சுளிக்கும். சுவர்க் கடிகாரம் மாதிரித் துளித்துளியாக இழுக்கும் பொருளில் ஒரு ஏஏ அல்கலைன் 2500 எம்ஏஎச்சுக்கு (மில்லி ஆம்பியர்-மணி, செல்லின் கொள்ளளவு) மேல் தரும். பிரகாசமான டார்ச் 1 ஆம்பியர் இழுத்தால் அதில் பாதிகூடத் தேறாது, மிச்சம் செல்லுக்குள்ளேயே சூடாகிப் போய்விடும். நிக்கல் ஏஏ 2000 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால், 1 ஆம்பியரிலும் ஏறக்குறைய அதைக் கொடுத்துவிடும். உறையில் பெரிய எண் போட்டிருக்கும் அல்கலைனைவிடச் சின்ன எண் போட்ட நிக்கல் செல் டார்ச்சில் அதிக நேரம் எரிவது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை: வெள்ளை எல்இடி எரிய 3 வோல்ட்டை ஒட்டி வேண்டும். மூன்று செல் டார்ச்சில் நிக்கல் போட்டால் 3.6 வருகிறது, போதும். ஒற்றை ஏஏ டார்ச்சில் வோல்ட்டை உயர்த்தும் சுற்று ஒன்று உள்ளே இருக்கும், அதுவும் பிரச்சினை இல்லை. ஆனால் வெறும் மின்தடையை மட்டும் வைத்து இரண்டு செல்லில் ஓட்டும் மலிவு டார்ச்சில் நிக்கல் செல் போட்டால் எல்இடி மிக மங்கலாகத்தான் எரியும், எரியாமலும் போகலாம். பேட்டரி அளவைக் காட்டும் விளக்கு உள்ள டார்ச்சில் அது அல்கலைனை நினைத்து வைத்த அளவுகோலாக இருந்தால், நிக்கல் போட்டதும் தப்பாகக் காட்டும். அதை நம்ப வேண்டாம்.

படி 4: தூக்கிப் போடும் ரகங்களில் எது

மூன்று உண்டு.

துத்தநாக-கரி செல், உறையில் "ஹெவி டியூட்டி" என்று வீரமாக எழுதியிருக்கும். எல்இடி டார்ச்சுக்கு இது வேண்டவே வேண்டாம். அல்கலைனில் பாதி சக்திகூட வராது. இதன் வெளிக்கூடே துத்தநாகம்தான், எரிய எரிய அந்தக் கூடுதான் கரைகிறது. ஓட்டை விழுந்து ஒழுகாமல் என்ன செய்யும்?

அல்கலைன். எங்கும் கிடைக்கும், உறையைப் பிரிக்காமல் வைத்தால் பத்து வருடம் வரை தாங்கும். குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை: ஒழுகுவது. உள்ளே துத்தநாகம் அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு உருவாகும். அழுத்தம் ஏறி அடைப்பு இளகினால், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து வெளியே வரும். அது காற்றோடு சேர்ந்து உறைவதுதான் நாம் பார்க்கும் வெள்ளைப் பொடி. தீர்ந்துபோன செல்லில் இது வேகமாக நடக்கும். வரிசையாகப் போட்ட மூன்றில் ஒன்று முதலில் தீர்ந்து, மற்ற இரண்டும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளினால் இன்னும் மோசம். பழைய செல்லையும் புது செல்லையும் கலந்து போடாதே என்று சொல்வதன் பொருள் இதுதான்.

மூன்றாவது, பலர் கவனிக்காதது: ஒருமுறை லித்தியம். ஏஏ, ஏஏஏ உருவத்திலேயே 1.5 வோல்ட்டில் வரும். உள்ளே லித்தியமும் இரும்பு டைசல்பைடும். ஏஏ அல்கலைன் 23 கிராம் இருக்கும் இடத்தில் இது 15 கிராம்தான். தண்ணீர் கலந்த மின்பகுளி இல்லாததால் பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் வேலை செய்கிறது. எனர்ஜைசர் தன் செல்லை 20 வருடம்கூட வைத்திருக்கலாம் என்று சொல்கிறது. ஒழுகும் தொல்லை மிக அரிது. விலைதான் அல்கலைனைவிடப் பல மடங்கு. இதையும் சார்ஜ் ஏற்றும் லித்தியம் அயானையும் பெயர் ஒற்றுமையால் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒருமுறை லித்தியத்தைச் சார்ஜரில் போட்டால் வெடிக்கும் ஆபத்து உண்டு.

சிஆர்123ஏ செல்களை இரட்டையாகப் போடும் டார்ச் வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே பெட்டியிலிருந்து, ஒரே நேரத்தில் மாற்றுங்கள். பாதி தீர்ந்த ஒன்றையும் புதியது ஒன்றையும் சேர்த்துப் போட்டு டார்ச் வெடித்த சம்பவங்கள் நிஜமாகவே நடந்திருக்கின்றன.

படி 5: சார்ஜ் ஏற்றும் ரகங்களில் எது

ஏஏ, ஏஏஏ டார்ச் என்றால் மேலே சொன்ன தன்னிழப்புக் குறைந்த நிக்கல் செல். 2500 என்று எழுதியதைவிட 2000 என்று எழுதியதையே நான் எடுப்பேன். கொள்ளளவை உச்சத்துக்கு இழுத்த செல்கள் குறைந்த தடவையே சார்ஜ் தாங்கும். தன்னிழப்பும் அவற்றில் கூடுதலாக இருக்கும். எனலூப் சாதாரண ரகத்துக்கு 2100 தடவை என்று சொல்வார்கள், அது ஆய்வுக்கூடக் கணக்கு. நம் கையில் அதில் கால்வாசி கிடைத்தாலே வாரம் ஒரு சார்ஜுக்குப் பத்து வருடம் வந்துவிடும், அதற்குள் செல் வயசாகியே போய்விடும்.

இப்போது ஏஏ உருவத்திலேயே உள்ளே லித்தியம் அயானும் ஒரு சின்னச் சுற்றும் வைத்து, வெளியே நிலையாக 1.5 வோல்ட் தரும் செல்கள் வருகின்றன. சிலவற்றின் உடம்பிலேயே யுஎஸ்பி-சி துளை. கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். டார்ச்சுக்கு எனக்கு இது பிடிப்பதில்லை. கடைசி வரை ஒரே பிரகாசம், பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கும்மிருட்டு. படிக்கட்டில் இறங்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

18650, 21700 விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். நல்ல 18650-ல் 3.6 வோல்ட்டில் 3400 எம்ஏஎச், அதாவது சுமார் 12 வாட்-மணி சக்தி. ஒரு நிக்கல் ஏஏ செல்லில் இருப்பது 2.4 வாட்-மணி. ஐந்து ஏஏ செல்லின் சக்தி ஒரே உருளையில். வேலைக்குத் தினமும் டார்ச் பிடிக்கிறவர்கள் இதற்கு மாறினால் பழையதற்குத் திரும்புவதில்லை.

ஆனால் இதே சக்திதான் இதன் ஆபத்தும். ஒரு 18650 செல்லைக் கையில் எடுத்து நேர்முனையைப் பாருங்கள். நடுவில் ஒரு சிறு மேடு. அதைச் சுற்றி, மெல்லிய வெள்ளை வளையத்துக்கு அடியில் இருக்கும் விளிம்பு நேர்முனை இல்லை, எதிர்முனை. செல்லின் உடம்பு முழுக்கவே எதிர்முனைதான். இரண்டையும் பிரிப்பது அந்த வளையமும், நகத்தால் கிழித்துவிடக்கூடிய பிளாஸ்டிக் உறையும் மட்டுமே. அந்த இடத்தில் உறை கிழிந்திருந்தால், பையில் கிடக்கும் ஒரு சாவி போதும், செல் சிவக்கச் சூடாகி நெருப்புப் பிடிக்க. உதிரி செல்லைப் பிளாஸ்டிக் டப்பாவில்தான் வைக்க வேண்டும். உறை கிழிந்தால் டார்ச்சில் போடாதீர்கள். விமானத்தில் போவதானால் உதிரி லித்தியம் செல்கள் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் கூடாது.

போலிகளைக் கண்டுபிடிக்க எடை பாருங்கள். நல்ல 18650 சுமார் 45 கிராம் இருக்கும். உறையில் 9900 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், பொய். இந்த அளவுக்குள் அவ்வளவு அடைக்கும் வித்தையை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நீளத்தையும் கவனியுங்கள்: பாதுகாப்புச் சுற்று வைத்த செல் சில மில்லிமீட்டர் கூடுதல் நீளம், சில டார்ச்சில் மூடி மூடாது. தட்டை முனை செல் சில டார்ச்சில் தொடர்பே கொள்ளாது, மேட்டு முனைதான் வேண்டும். உங்கள் டார்ச் எதைக் கேட்கிறது என்று கையேட்டில் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

ஏஏ உருவத்தில் 14500 என்று ஒரு லித்தியம் அயான் செல் உண்டு. டார்ச்சுக்குள் கச்சிதமாகப் போய் உட்காரும். ஆனால் 1.5 வோல்ட் எதிர்பார்க்கும் இடத்தில் 4.2 வோல்ட் பாயும். இரண்டையும் ஏற்கும் டார்ச் என்று தெளிவாகச் சொல்லியிருந்தாலொழிய, போட்ட நொடியில் சுற்று கருகலாம்.

படி 6: சார்ஜரில் கஞ்சத்தனம் வேண்டாம்

நல்ல செல்லை வாங்கி மோசமான சார்ஜரில் போடுகிறவர்கள்தான் "சார்ஜ் செல் சரிப்படாது" என்று முதலில் சொல்கிறவர்கள். நிக்கல் செல்லுக்கு, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜர் வேண்டும். இரண்டிரண்டு ஜோடியாக மட்டுமே சார்ஜ் செய்யும் சார்ஜரில், ஒன்று நிறைந்தபின்னும் இன்னொன்றுக்காகச் சேர்ந்து வேகும். மூன்று செல் டார்ச் வைத்திருப்பவர் ஜோடி சார்ஜரை வாங்கினால் மூன்றாவது செல்லை எதோடு சேர்ப்பது என்ற வேடிக்கை வேறு. செல் முழுதாகத் தீர்ந்த பிறகே சார்ஜ் போடவேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம், இப்போது அவசியமில்லை. சொல்லப்போனால் டார்ச் மங்கியதுமே நிறுத்திவிடுவதுதான் செல்லுக்கு நல்லது.

லித்தியம் அயானை அதற்கான சார்ஜரில் மட்டும், 4.2 வோல்ட்டில் தானாக நிற்கும் சார்ஜரில் போடுங்கள். மெத்தை மேலோ தாள் குவியல் மேலோ வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள்.

டார்ச்சிலேயே யுஎஸ்பி-சி துளை இருந்து, புது போன் சார்ஜரில் செருகினால் சார்ஜ் ஏறவில்லையா? டார்ச் கெட்டுவிட்டது என்று எறிய வேண்டாம். இருபுறமும் சி முனை உள்ள வயரில் சார்ஜர், எதிரே இருக்கும் பொருள் தன்னை அடையாளம் காட்டினால்தான் மின்சாரம் விடும். அந்த அடையாளத்துக்கான சிறு மின்தடையை மலிவு டார்ச்சுகளில் வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு முனை பழைய அகலமான யுஎஸ்பியாக உள்ள வயரில் செருகுங்கள், ஏறும்.

படி 7: கணக்குப் போடுங்கள்

சார்ஜர், செல் இரண்டின் விலையையும் கூட்டி, அதே டார்ச்சுக்கான ஒரு செட் அல்கலைனின் விலையால் வகுங்கள். வரும் எண்ணிக்கைதான் எல்லை. அது 12 என்று வந்தால், 12 செட் அல்கலைன் தீர்க்க உங்களுக்கு எத்தனை மாதமாகும் என்று பாருங்கள். ஒரு வருடத்துக்குள் என்றால் சார்ஜ் செல்லை வாங்கிவிடுங்கள். பத்து வருடம் ஆகும் என்றால் காசுக்காகச் சார்ஜ் செல்லுக்கு மாறுவதில் அர்த்தமில்லை, ஒழுகாமல் இருப்பதற்காக மாறலாம். அதே சார்ஜரில் ரிமோட், பொம்மை, வயரில்லா மௌஸ் எல்லாவற்றுக்கும் செல் ஏற்றுவீர்கள் என்றால் அந்தக் கணக்கையும் சேருங்கள்.

எத்தனை மணி நேரம் எரியும் என்பதற்கு டார்ச் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். 2009-ல் வந்த எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தரநிலைப்படி, தொடக்கப் பிரகாசத்தில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கும்வரை எரிந்ததாகத்தான் கணக்கு. "300 லூமன், 20 மணி நேரம்" என்றால் (லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு) 20 மணி நேரமும் 300 லூமன் என்று அர்த்தமில்லை. சொந்தமாகப் போட எளிய வழி: டார்ச்சில் 100 லூமனுக்குச் சுமார் 1 வாட் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வாட்-மணி 18650 ஒன்று 300 லூமனை 4 மணி நேரம் தரும். இரண்டு நிக்கல் ஏஏ சேர்ந்தால் 4.8 வாட்-மணி, 100 லூமனுக்கு ஐந்து மணி நேரத்தை ஒட்டி. பெட்டியில் உள்ள எண் இதைவிட மிகப் பெரிதாக இருந்தால், நடுவில் எங்கோ பிரகாசம் இறங்குகிறது.

படி 8: முடிவு

தினமும், அல்லது ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை கையில் எடுக்கும் டார்ச்: கழற்றக்கூடிய 18650 அல்லது 21700, டார்ச்சிலேயே சார்ஜ் துளையோடு. உதிரி செல் ஒன்று டப்பாவில்.

வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை எடுக்கும் வீட்டு டார்ச்: ஏஏ டார்ச், தன்னிழப்புக் குறைந்த நிக்கல் செல். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. சார்ஜ் ஏற்ற வழியில்லாத நாளில் கடையில் கிடைக்கும் எந்த ஏஏ செல்லையும் அதே டார்ச்சில் போட்டுக்கொள்ளலாம். நாலைந்து நாள் மின்சாரம் இல்லாத வெள்ளத்திலோ புயலிலோ இதன் அருமை தெரியும்.

மாதக்கணக்கில் தொடாத டார்ச், வண்டியில் கிடப்பது, அவசர உதவிப் பெட்டியில் கிடப்பது: ஒருமுறை லித்தியம். இந்த ஒரு இடத்தில் தூக்கிப் போடும் பேட்டரியே ஜெயிக்கிறது. விலை உறுத்தினால் அல்கலைன் போகட்டும், ஆனால் டார்ச்சுக்குள் போட்டு வைக்காதீர்கள். உறை பிரிக்காத செல்லை ரப்பர் பேண்டால் டார்ச்சின் வெளியே கட்டி வையுங்கள். இருட்டில் போடத் தடவிப் பழகியிருக்க வேண்டும், அதை ஒருமுறை கண்ணை மூடிச் செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் எடுத்து விளையாடும் டார்ச்சில் கழற்றி எடுக்கும் லித்தியம் அயான் வேண்டாம், நிக்கல் போதும்.

படி 9: வாங்கிய பின்

நிக்கல் செல்களை வாங்கிய அன்றே, அழியாத மை பேனாவால் மாதமும் வருடமும் எழுதி, ஒரே டார்ச்சில் போகும் மூன்றுக்கும் ஒரே எழுத்தைக் குறியுங்கள்: அ, அ, அ. அடுத்த செட்டுக்கு ஆ. எப்போதும் கூட்டம் கலையாமல் சேர்ந்தே சார்ஜ் ஏறி, சேர்ந்தே எரியட்டும். ஒன்று மட்டும் அடிக்கடி முதலில் தீர்ந்தால் அதைக் கடிகாரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

லித்தியம் அயானுக்கு நிறைந்த வயிறும் வெப்பமும் சேர்ந்தால் ஆகாது. மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் முன்பலகை அதற்கு ஏற்ற இடமே இல்லை.

அல்கலைன் செல் புதியதா என்று அவசரத்துக்குத் தெரிந்துகொள்ள, நிமிர்த்திப் பிடித்து ஒரு அங்குல உயரத்திலிருந்து மேசையில் போடுங்கள். புதியது தொப்பென்று நிற்கும், பழையது துள்ளும். 2015-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதை அளந்து பார்த்தார்கள்: பாதி தீரும்போதே துள்ளல் உச்சத்துக்கு வந்துவிடுகிறது. ஆகவே துள்ளும் செல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, புதியது இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நிக்கல் செல்லுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

ஏற்கெனவே ஒழுகிய டார்ச் கையில் இருந்தால், கையுறை போட்டுக்கொண்டு செல்லைத் தட்டி எடுங்கள், அந்தப் பொடி தோலையும் கண்ணையும் எரிக்கும். அல்கலைன் கசிவு காரம், எனவே வினிகரோ எலுமிச்சைச் சாறோ நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள், நுரைத்துக் கரையும். துத்தநாக-கரி கசிவு அமிலப் பக்கம், அதற்குச் சமையல் சோடாக் கரைசல். பிறகு ஈரத் துணி, பிறகு முழுக்க உலர்த்தல். சுருளில் பச்சை மிஞ்சியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேயுங்கள். என் டார்ச்சின் சுருள் முறிந்தே போயிருந்தது. பழைய பேனாவின் சுருளை வெட்டி வைத்துப் பார்த்தேன், எரிந்தது. ஆனால் மெல்லிய கம்பி, அதிகப் பிரகாசத்தில் சூடேறியது. இப்போது அது குறைந்த வெளிச்சத்தில் மட்டும், நிக்கல் செல்லோடு, கதவோரம் தொங்குகிறது.